நாய்க்குட்டிக்கு இறக்கிய முடி

எங்கள் தோட்டத்தில் கத்தி படக்கூடாத தலைகள் இரண்டு இருந்தன. ஒன்று என்னுடையது, மற்றது பெரிய துரையின் பங்களாவில் வளர்ந்த நாய்க்குட்டியினுடையது. என் தலைக்குத் தடை விதித்தது கடலுக்கு அப்பால் இருந்த எங்கள் குலதெய்வம். நாய்க்குட்டியின் தலைக்குத் தடை விதித்தவள் துரையின் மனைவியான துரைசானி. இவ்விரண்டு ஆணைகளில் எது பெரிது என்பதை நான் தெரிந்துகொண்டபோது எனக்கு ஏழு வயதுகூட நிரம்பியிருக்கவில்லை. அன்று மூண்ட கோபம் இன்று தணிந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். யார்மீது கோபப்படுவது என்பதில் மட்டும் இத்தனை ஆண்டுகளில் எனக்கு ஒரு தெளிவு பிறந்திருக்கிறது.

மலாயாவில் கெமாசுக்குச் செல்லும் இரயில் பாதையை ஒட்டியிருந்தது அந்த ரப்பர் தோட்டம். அப்பாவும் அம்மாவும் மரங்களைக் கீறிப் பால் வெட்டினார்கள். நான் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து அறையில் பிறந்தபோது அழுவதற்குக்கூட வலுவில்லாமல் கிடந்தேனாம். அம்மா என்னை மடியில் கிடத்திக்கொண்டு, பிள்ளை பிழைத்தால் முதல் முடியை ஊருக்கு வந்து உன் வாசலிலேயே இறக்குகிறேன் என்று குலதெய்வத்துக்கு வாக்குக் கொடுத்தாள். நான் பிழைத்தேன். முடி வளர்ந்தது. ஊருக்குப் போவதுதான் நடக்கவில்லை. ‘அடுத்த வருசம் போயிடுவோம்’ என்பது எங்கள் வீட்டில் ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் சொல்லப்பட்ட வாக்கியம். முடி இறக்கும் நாளில் கோயில் வாசலில் கட்டிக்கொள்வதற்கென்று அம்மா ஒரு சிவப்புச் சுங்குடிச் சேலையைத் தகரப் பெட்டியில் வைத்திருந்தாள். அவ்வப்போது அதை வெளியே எடுத்து வெயிலில் காட்டி, மடிப்பு மாறாமல் உள்ளே வைத்துவிடுவாள். ஒருநாளும் உடுத்தியதில்லை.

இதற்கிடையில் என் பின்னல் இடுப்பைத் தொட்டுவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் பையன்கள் என்னைப் பெயர் சொல்லி அழைப்பதை நிறுத்தி வெகுகாலமாகியிருந்தது.

“ஏ சடச்சி! பூ வேணுமாடி?”

இந்த முடியை வெட்டிவிடுங்கள் என்று நான் அழாத நாள் இல்லை. அம்மாவிடம் அதற்கு ஒரே பதில்தான் உண்டு.

“அது ஒன் முடி இல்லடா. சாமியோட முடி. ஒன் தலையில வளருது, அவ்வளவுதான்.”

மாதந்தோறும் வரும் நாவிதரும் அதை உறுதி செய்தார். நேர்ந்துவிட்ட தலையில் கத்தியை வைத்தால் வெட்டியவன் கண்ணையும் வெட்டிக்கொண்டவன் கண்ணையும் சாமி சேர்த்துக் குத்திவிடும் என்றார். ஆகவே, பிறருடைய பொருளைச் சுமந்து செல்லும் கூலியாளைப்போல அந்த முடியை நான் சுமந்தேன். சுமப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று நம்பினேன். என் பிற்காலக் கோபம் முழுவதும் இந்த நம்பிக்கையிலிருந்து முளைத்ததுதான்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். கணவரை இழந்த பிறகு எங்களோடு வந்து சேர்ந்து பங்களாவில் ஆயாவாக இருந்தாள். துரையின் மகனை வளர்ப்பதற்காக அமர்த்தப்பட்டவள் அவள். அந்தப் பிள்ளையைச் சீமைக்குப் படிக்க அனுப்பியதும் இனி ஆயா எதற்கு என்ற கேள்வி எழுந்தது. அதே சமயத்தில்தான் துரைசானி சிங்கப்பூரிலிருந்து அந்த நாய்க்குட்டியைக் கொண்டுவந்தாள். இரு கைகளுக்குள் அடங்கிவிடும் உடம்பு. தரையைப் பெருக்கும் அளவுக்குத் தொங்கும் வெள்ளை மயிர். அத்தை அந்த நாய்க்குட்டிக்கு ஆயாவானாள். அதற்குத் துரைசானி வைத்த பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. லயத்தில் எல்லாரும் ‘குட்டித் தொரை’ என்றார்கள்.

குட்டித் துரையின் குளியல் ஒரு சடங்கு. பங்களாவின் பின்புறம் பீங்கான் பூசிய தொட்டியில் வெதுவெதுப்பான நீரை ஊற்றி, அத்தை தன் முழங்கையை நனைத்துச் சூடு பார்ப்பாள். காதுகளில் பஞ்சு வைப்பாள். சீமைச் சோப்பை உள்ளங்கையில் நுரைத்து, கண்ணில் படாமல் கழுத்திலிருந்து வால்வரை தடவிக் கழுவி, துவாலையில் சுற்றி மடியில் வைத்துக்கொள்வாள். ஈரம் உலர்ந்ததும் சீப்பு. நுனியில் தொடங்கி மெல்ல மெல்ல வேர்வரை சிக்கெடுக்க வேண்டும். முதுகின் நடுவே நேர்வகிடு எடுக்க வேண்டும். கண்ணை மறைக்கும் மயிரைத் திரட்டி நெற்றிக்குமேல் பட்டு நாடாவால் கட்ட வேண்டும். இவை அனைத்தும் துரைசானி கற்பித்தவை. ஒரு மயிரும் கத்தரிக்கப்படக் கூடாது என்பது அவற்றுள் முதல் விதி.

அத்தை அங்கே கற்றதை வீட்டில் என் தலையில் பயன்படுத்தினாள்.

“நுனியில இருந்து எடுத்தாத்தான்டா வலிக்காது. வேர்ல இருந்து இழுத்தா அந்தக் குட்டிகூட கடிச்சிரும்.”

நாய்க்கு வகுத்த முறைப்படி எனக்குத் தலைவாரப்படுவதை நான் கடுமையாக ஆட்சேபித்தேன். ஆனாலும் வலி குறைந்தது உண்மை. நாயின் தலைக்குப் பொருந்துவது என் தலைக்கும் பொருந்துகிறது என்று அத்தை கண்டுகொண்டாள். என் தலைக்குப் பொருந்துவது நாய்க்கும் பொருந்தும் என்று அவள் ஒருநாள் முடிவு செய்ததற்கு அதுவே காரணமாயிற்று.

ஒரு முறை துரையும் துரைசானியும் கடற்காற்று வாங்கப் போர்டிக்சனுக்குச் சென்றார்கள். நாய்க்குட்டி அத்தையின் பொறுப்பில் விடப்பட்டது. லயத்துப் பெண்கள் அதை ஒருமுறையாவது தொட்டுப் பார்க்க வேண்டும் என்று வெகுநாளாகக் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். அத்தைக்கும் அதைக் காட்டிக்கொள்ளும் ஆசை இருந்தது. பால் நிறுக்கும் நேரமாகப் பார்த்து, குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். வாளிகளோடு வரிசையில் நின்ற பெண்கள் அதைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“ஏ அக்கா, பட்டு மாரில்ல இருக்கு!”

“சீலப்பேனு உண்டா இதுக்கு?”

“வாய மூடுடி. ஒன் தலையவிடச் சுத்தமாக்கும் இது.”

சிரிப்புச் சத்தத்தில் மிரண்ட குட்டி அத்தையின் பிடியிலிருந்து துள்ளிக் கீழே விழுந்தது. அங்கே சற்று முன்பு ஒரு வாளி சரிந்து, வெட்டுப்பால் சிமெண்டுத் தரையில் பரவிக் கிடந்தது. நாய்க்குட்டி அதில் நன்றாகப் புரண்டு எழுந்தது.

“குட்டித் தொரையும் பால் எடுக்க வந்துட்டாருடி!” என்று ஒருத்தி கூவினாள். கொட்டகையே சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை.

ரப்பர் பால் உலரத் தொடங்கினால் பசையாகும். பசை இறுகினால் கயிறாகும். அத்தை பங்களாவுக்கு ஓடி, சோப்பும் வெந்நீருமாகக் கழுவினாள். பயனில்லை. மயிர் கற்றை கற்றையாக ஒட்டிக்கொண்டது. சீப்பை வைத்தால் குட்டி வீரிட்டது. தொட்டியின் அருகே நின்ற நான், ஒட்டிய இடத்தைக் கத்தரித்துவிட்டால் என்ன என்று கேட்டேன். அத்தை என்னைப் பார்த்த பார்வையில் அச்சம் இருந்தது.

“ஒரு கத்த கொறஞ்சாலும் அந்த அம்மா கண்டுபிடிச்சிரும்டா.”

பிறகு அவளுக்கு என் தலை நினைவுக்கு வந்தது. முன்பு ஒருநாள் அம்மாவின் வாளிப் பால் என் பின்னலில் சிந்தியபோது, நல்லெண்ணெயில் மண்ணெண்ணெய் கலந்து தேய்த்துத்தான் அதை எடுத்தார்கள். ஒரு மயிரும் போகவில்லை. அத்தை அதையே நாய்க்குட்டிக்கும் செய்தாள். எண்ணெயைத் தேய்க்கத் தேய்க்கப் பால் சிறு சிறு உருண்டைகளாக உதிர்ந்தது. அதன்பின் சீயக்காய், அதன்பின் கூடையைக் கவிழ்த்துச் சாம்பிராணிப் புகை. குட்டி தும்மிக்கொண்டே இருந்தது. அதன் மயிர் இதற்குமுன் காணாத பளபளப்போடு உலர்ந்தபோது, அத்தை மனம் குளிர்ந்து அதன் கன்னத்தில் ஒரு கரும்பொட்டும் வைத்தாள்.

நான் என் தலையை நக்குவதில்லை. நாய்க்குட்டி தன் உடம்பு முழுவதையும் நக்கும். இந்த ஒரு வேறுபாட்டைத்தான் அத்தை எண்ணிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் குட்டி நுரை நுரையாகக் கக்கியது. பால் குடிக்கவில்லை. கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறந்தது. தோட்டத்து மருந்துக்காரரிடம் எடுத்துச் சென்றால் செய்தி துரைக்குப் போய்விடும். செய்தி போனால் என்ன நடக்கும் என்பதை எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. துரையின் குதிரை நொண்டியதற்காக அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அன்று மாலையே பாயும் சட்டியும் பிள்ளைகளுமாகச் செம்மண் சாலையில் நின்றதை லயமே பார்த்திருந்தது. குதிரை பின்னர் குணமாயிற்று. அவர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது. அத்தையின் வேலை போனால் எங்கள் அறையும் போகும். ஒரு குடும்பத்தில் ஒருவர் செய்த தவறு அனைவர் தலையிலும் விடியும் என்பது அந்த நாளைய வழக்கம்.

அத்தை குட்டியைத் துணியில் சுற்றி, என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, லயத்தின் கோடியில் இருந்த மாரியம்மன் கோயிலுக்கு நடந்தாள். குட்டியை அம்மன் எதிரில் கிடத்தினாள்.

“ஆத்தா, இது பொழச்சிருச்சுன்னா இந்தப் பிள்ள முடிய ஒனக்கு எறக்கிடறேன்.”

எந்தப் பிள்ளை என்று நான் திரும்பிப் பார்த்தேன். அங்கே என்னைத் தவிர வேறு பிள்ளை இல்லை.

நாய்க்குட்டி பிழைத்துக்கொண்டது. கஞ்சித் தண்ணீரை நக்கியது. பிறகு எழுந்து நின்றது. பிறகு என்னைப் பார்த்துக் குரைத்தது. துரைசானி திரும்புவதற்குள் வாக்கை நிறைவேற்றிவிட வேண்டும் என்று அத்தை வீட்டில் விஷயத்தைச் சொன்னாள். அம்மா கையிலிருந்த அரிசி முறத்தைக் கீழே வைத்தாள்.

“அண்ணி, அது எங்க கொலசாமிக்கு நேந்துவிட்ட முடி. அத எப்படி நீங்க எடுத்துக் குடுப்பீங்க?”

“ஆத்தா என்ன வேத்து ஆளா? எல்லாம் ஒண்ணுதான் புள்ள.”

“ஒண்ணுதான்னா இத்தன வருசம் எதுக்கு இவனச் சடையோட வச்சிருந்தேன்? இங்கயே எறக்கியிருக்க மாட்டேனா?”

நான் கேட்க நினைத்த கேள்வியை அம்மா அப்படியே கேட்டாள். எனக்கு அளவற்ற மகிழ்ச்சி. நாங்கள் இருவரும் ஒரே பக்கத்தில் நிற்கிறோம் என்று நினைத்து அவளருகே போய் ஒட்டிக்கொண்டு நின்றேன்.

“ஒங்க முடியக் குடுக்கறதுதான அண்ணி?”

“மொட்டத் தலையோட பங்களாவுல போய் நின்னா அந்த அம்மா என்னன்னு கேக்காதா? என்னத்தச் சொல்லுவேன்? ஒன் நாய்க்கு மண்ணெண்ண தேச்சேன்னா?”

“ஒரு கோழிய அறுத்துட்டாப் போதாதாக்கா?” என்றார் அப்பா.

“உசுருக்கு நேந்தது தம்பி. வாய்விட்டுச் சொல்லிட்டேன். இப்ப மாத்திப் பேசுனா அது மறுபடி படுத்துக்கும்.”

“படுத்துக்கட்டும்!” என்றாள் அம்மா.

“அது படுத்துட்டா நாம எங்கடி படுக்கறது? இந்த ரூம்பு ஒங்கப்பன் கட்டுனதா?”

அப்பா, “முடிதான. மறுபடி மொளைக்கும்” என்றார். அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மொளைக்கும்” என்றாள். முறத்தை எடுத்து மீண்டும் புடைக்கத் தொடங்கினாள்.

என் தலையைப் பற்றி நடந்த அந்த விவாதத்தில் என்னிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாய்க்குட்டியிடமும் கேட்கவில்லை என்பது ஓர் ஆறுதல் என்றால் அதுதான்.

கோயில் முன்பு என்னை உட்காரவைத்துத் தலையை நனைத்தார்கள். அம்மா வரவில்லை, பால் வெட்டப் போய்விட்டாள். நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டார்.

“என்னடா தம்பி, ஊருக்கில்ல போகணும்னாங்க? ஊர்ச்சாமி இங்கயே வந்திருச்சா?”

“இது நாய்க்குட்டிக்கு” என்றேன்.

கத்தி நின்றது. “எந்த நாய்க்கு?”

“குட்டித் தொரைக்கு.”

அவர் அத்தையைப் பார்த்தார். அத்தை மரத்தைப் பார்த்தாள். அவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

“அப்ப அந்த நாய்க்கு மொட்ட போடறதுதானப்பா நாயம்?”

என் கருத்தும் அதுவே. அந்தத் தோட்டத்தில் அன்று நியாயம் பேசிய ஒரே மனிதர் அவர்தான் என்று தோன்றியது. கண்ணைக் குத்தும் என்று முன்பு மிரட்டியதை அவருக்கு நினைவூட்டினேன். “அதெல்லாம் சும்மாடா, தலைய ஆட்டாத” என்றார். அன்று முழுவதும் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்ப்பதும், அதை மூடி இந்தக் கண்ணால் பார்ப்பதுமாக இருந்தேன். இரண்டு கண்களும் பழுதின்றி இருந்தன. அதைவிடப் பெரிய மோசடி எனக்குத் தெரிந்து வேறில்லை. எனக்காகத் தொட முடியாத முடியை ஒரு நாய்க்காகத் தொட முடிந்தது. சாமி ஒன்றும் சொல்லவில்லை! அப்படியானால் குழாயடியில் நான் பட்ட கேலியெல்லாம் எந்தக் கணக்கில் சேரும்? கேலிதான் நின்றதா என்றால் அதுவும் இல்லை. ‘சடச்சி’ போய் ‘நாய்மொட்ட’ வந்தது.

துரைசானி திரும்பினாள். நாய்க்குட்டியை எடுத்து முகத்தோடு ஒற்றிக்கொண்டு, அதன் மயிர் இவ்வளவு மென்மையாக இருந்ததே இல்லை என்று வியந்தாள். அவளும் அத்தையும் மலாயில்தான் பேசிக்கொள்வார்கள், இருவருக்கும் அரைகுறை. அப்போது, விறகு கொண்டுவந்து போட்டுவிட்டுத் திரும்பிய நான் அவள் கண்ணில் பட்டேன். அவள் நாய்க்குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினாள். என் தலைக்கு என்ன வந்தது என்று அத்தையிடம் கேட்டாள்.

அத்தை, பேன் என்றாள்.

பேன்! நுனியிலிருந்து வேர்வரை நாள்தோறும் சீப்பு ஓடிய தலை அது. சீயக்காயும் சாம்பிராணியும் கண்ட தலை அது. அதில் பேன் இல்லை என்பதற்கு அந்தத் தோட்டத்தில் ஒரு சாட்சி உண்டென்றால் அது அத்தைதான். துரைசானி கைக்குட்டையை மூக்கருகே பிடித்துக்கொண்டு, முடி வளர்ந்து சுத்தமாகும்வரை இந்தப் பையன் நாய்க்குட்டி இருக்கும் பக்கம் வரக்கூடாது என்றாள். எந்த உயிருக்காக என் முடி போயிற்றோ அந்த உயிரின் அருகே செல்லத் தகுதியற்றவனாக நான் படியிறங்கினேன். அன்று முதல் அத்தையோடு பேசுவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டேன்.

துரைசானி கொடியவள் அல்லள். என் தலை ஆறுவதற்கென்று களிம்பு ஒன்றை மறுநாள் அத்தையிடம் கொடுத்தனுப்பினாள். உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் மன்னித்திருக்கக்கூடும் என்றுகூட நான் இன்று எண்ணுவதுண்டு. ஆனால் ‘மன்னித்திருக்கக்கூடும்’ என்பதை நம்பி ஐந்து உயிர்களைப் பணயம் வைக்க எந்த ஆயாவால் முடியும்? அப்போது என் தங்கை தொட்டிலில் இருந்தாள். ஒரு நல்ல பெண்மணியின் அன்றைய மனநிலையில் ஒரு குடும்பத்தின் கூரை தொங்கிக்கொண்டிருந்தது. அந்த ஏற்பாட்டைத்தான் நான் இன்றும் மன்னிக்கவில்லை. அது எவ்வளவு ஒழுங்காக நடந்தது என்பதை நினைத்தால் கோபம் இன்னும் கூடுகிறது. யாரும் யாரையும் அடிக்கவில்லை. யாரும் குரலை உயர்த்தவில்லை. நாய்க்குட்டி நலமாக இருந்தது.

அன்று இவ்வளவும் எனக்குத் தெரியாது. என் பக்கம் நின்றவள் அம்மா மட்டுமே என்று எண்ணி, பேன் விவகாரத்தை அவளிடம் முறையிட்டேன். அவள் கேட்டுக்கொண்டாள். மொட்டைத் தலையில் சந்தனம் தடவிவிட்டாள்.

மறுநாள் விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பிய அம்மாவைப் பார்த்துத் திடுக்கிட்டேன். தகரப் பெட்டியிலிருந்த சுங்குடிச் சேலையை உடுத்தியிருந்தாள். அதை இடுப்பில் தூக்கிச் செருகி, அதன்மேல் கறை படிந்த சாக்கைக் கட்டிக்கொண்டு, வாளியை எடுத்துக்கொண்டாள். பால் வெட்டப் போகிறவள் யாராவது புதுச் சேலை உடுத்துவாளா?

“அம்மா, அதுல பால் பட்டாப் போகாதும்மா!” என்று கத்தினேன்.

“தெரியும்டா” என்றாள்.

நண்பகலில் அவள் திரும்பியபோது முந்தானையிலும் கொசுவத்திலும் பால் சிந்திக் கறுக்கத் தொடங்கியிருந்தது. எனக்கு ஆத்திரம் பொங்கியது. நாய்க்குட்டியின் மயிரில் பட்ட பாலுக்கு அவ்வளவு பாடுபட்ட வீட்டில், நல்ல சேலை ஒன்று இப்படிப் பாழாவதை யாரும் கேட்கமாட்டார்களா? அப்பாவிடம் ஓடிச் சொன்னேன். அவர் அம்மாவைக் கண்டிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் எதிர்ச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அத்தை நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, கறையைத் தேய்த்து எடுக்க முந்தானையைப் பிடித்தாள்.

“விடுங்க அண்ணி” என்றாள் அம்மா. “இனிமே இதக் கட்டிக்கிட்டுத்தான் வேலைக்குப் போகப்போறேன்.”

அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும், ‘அடுத்த வருசம் போயிடுவோம்’ என்ற வாக்கியம் எங்கள் வீட்டில் சொல்லப்படவில்லை. அது நின்றுபோனதைக்கூட நான் கவனிக்கவில்லை. எனக்கு முடி வளர்ந்துகொண்டிருந்தது. இனிமேல் அதை மாதந்தோறும் வெட்டிக்கொள்ளலாம் என்று நாவிதர் சொல்லியிருந்தார்.